தமிழில் கேட்கலாம், பதில்?

1976-இல் மத்திய அரசு ஆட்சிமொழி விதிகளை வெளியிட்டது. எந்த மாநிலத்துக்கு எந்த மொழியில் கடிதம் எழுத வேண்டும், பெயர்ப்பலகை எந்தெந்த மொழியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்பவை அவை. முதல் விதியிலேயே ஒரு விலக்கு: இவை இந்தியா முழுமைக்கும் செல்லும், தமிழ்நாடு நீங்கலாக. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியது வீண்போகவில்லை.

ஆகவே ஆந்திரத்துக் குப்பத்தில் உள்ள மத்திய அலுவலகத்துக்கு அந்த விதிகள் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், ஜவ்வாது மலைக் காவலூருக்குக் கிடையாது. ஆலங்காயம் தாண்டி வரும் இந்த ஊரில்தான் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. நடத்துவது மத்திய அரசு நிதியில் இயங்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம். வானியல் ஆங்கிலத்தில் நடப்பதில் எனக்குப் புகார் இல்லை; அதன் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர் சிலியிலும் இருப்பார். நான் கேட்பது அதே மலையில் சாமை விதைப்பவரைப் பற்றி.

அவர் வட்டாட்சியருக்கு மனு எழுதினால் சிக்கல் இல்லை. 1956 சட்டப்படி மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். அஞ்சல் துறைக்கோ வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கோ எழுதினால் கதை வேறு. நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்கிறது அரசமைப்பின் 350-ஆவது பிரிவு. பதில் எந்த மொழியில் வரவேண்டும் என்பது பற்றி அதில் பேச்சே இல்லை.

மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் மத்திய அரசுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தது. வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று 2021-இல் தீர்ப்பு. எம்.பி.க்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அதுவும் ஆங்கிலத்துக்காக! தமிழில் கேட்டவருக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்? இந்தியை விலக்கி வைத்தோம், சரி. அதனால் மத்திய அலுவலகங்களுக்குள் தமிழ் வந்துவிடவில்லை; ஆங்கிலம்தான் தங்கியது.

சுவிட்சர்லாந்தில் ரோமான்ஷ் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1996-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அவர்களோடு தொடர்புகொள்ளும்போது ரோமான்ஷும் நாட்டின் ஆட்சிமொழி என்று எழுதிக்கொண்டார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி.

அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள், அத்தனைக்கும் ஆள் போட முடியுமா என்பார்கள். இந்த மலையின் அஞ்சலகத்துக்கு 22 எதற்கு? ஒன்று போதும்.

1963 ஆட்சிமொழிச் சட்டத்தில், அட்டவணை மொழியில் வரும் மனுவுக்கு அதே மொழியில் பதில் என்று ஒரு வரி சேர்க்க நம் எம்.பி.க்கள் எல்லோரும் கட்சி பார்க்காமல் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை மத்திய அலுவலகங்களுக்கு நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள். அந்த உரிமை இன்றே உங்களிடம் இருக்கிறது.