பத்து லட்சம் அபராதம் யாருக்கு?

வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகவோ வயதான பெற்றோருக்காகவோ ஊர் திரும்பியவர்கள் இன்று சென்னையிலும் கோவையிலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அங்கே இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் முடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்களில் குறைவு. அமெரிக்காவில் சேர்ந்த 401-கே ஓய்வூதியப் பணம் அங்கேயே கிடக்கும். உரிய வயதுக்கு முன் எடுத்தால் அந்நாட்டில் கூடுதல் வரி பிடிப்பார்கள். கம்பெனி கொடுத்த பங்குகள் ஒரு புரோக்கர் கணக்கில் இருக்கும். வாடகை முன்பணம் வந்து சேரட்டும் என்று மூடாமல் விட்ட வங்கிக் கணக்கு ஒன்றும் இருக்கும். இத்தனையையும் இந்திய வருமான வரிக் கணக்கில், ‘ஷெட்யூல் எஃப்.ஏ.’ எனப்படும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். நான்கு ஆண்டு விட்டுப்போயிருந்தால் 40 லட்சம். அங்கே இருப்பதே 25 லட்சம்தான் என்றாலும் கணக்கு இதுதான்.

காட்ட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு ஏதும் இல்லை. இந்தியாவில் வசிப்பவரின் உலக வருமானத்துக்கு இங்கே வரி உண்டு என்னும்போது, எங்கே என்ன இருக்கிறது என்று அரசு கேட்பது நியாயம்தான். நம் ஆட்சேபம் வேறு. சம்பளத்தில் பிடித்தம் செய்த பணத்தைப் படிவத்தில் எழுத மறந்து, பிறகு தானாகவே வந்து சொல்பவரையும், பினாமி கம்பெனி வைத்துப் பணத்தைப் பதுக்கியவரையும் ஒரே சட்டப் பிரிவு ஒரே தொகையால் அடிக்கிறது. இது மாற வேண்டும்.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்று பார்த்தால் ஆத்திரத்தைவிட ஆயாசமே மிஞ்சும். நெடுநாள் வெளிநாட்டில் இருந்து திரும்பியவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ‘வழக்கமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலை கிடைக்கிறது. அதுவரை இந்த அட்டவணையை நிரப்ப வேண்டியதில்லை. அந்த நிலை முடிந்து முழு வசிப்பாளராகும் ஆண்டில்தான் கடமை தொடங்குகிறது. வந்திறங்கிய ஆண்டில் ஆடிட்டரிடம் கேட்டபோது “இப்போதைக்குத் தேவையில்லை” என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ‘இப்போது’ எப்போது முடிந்தது என்று எவரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை. மாதச் சம்பளக்காரர் வழக்கம்போல ஐ.டி.ஆர்.-1 படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார். வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தவே கூடாது; அதில் அந்த அட்டவணையே கிடையாது.

சரியான படிவத்தைப் பிடித்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. வரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. இந்த அட்டவணை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆண்டில் எந்த நாளில் இருப்பு உச்சத்தில் இருந்தது, டிசம்பர் 31 அன்று எவ்வளவு, அந்தந்த நாளின் ஸ்டேட் வங்கி மாற்று விகிதத்தில் ரூபாயில் எவ்வளவு என்று ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே எழுத வேண்டும். வேலைக்கே போகாத மனைவியின் பெயர் அங்குள்ள கணக்கில் சேர்ந்திருந்தால், ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும் அவரும் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வசதிக்காகச் சேர்த்த பெயர் இப்படியொரு கடமையைக் கொண்டுவரும் என்று எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

தவறை உணர்ந்த பிறகு என்ன வழி? திருத்திய கணக்குக்கு உள்ள கெடு தாண்டிவிட்டால், மிஞ்சுவது ‘புதுப்பித்த கணக்கு’ என்னும் ஐ.டி.ஆர்.-யு. நான்கு ஆண்டுகள் வரை அதைத் தாக்கல் செய்யலாம் என்று 2025-இல் அவகாசத்தை நீட்டினார்கள். ஆனால், கூடுதல் வரி கட்டினால்தான் அது செல்லும். வருமானத்தை மறைத்தவர் வரியும் அதற்கு மேல் தண்டத் தொகையும் கட்டி அந்த வழியே நுழையலாம். வட்டியையும் ஈவுத்தொகையையும் ஒழுங்காகக் காட்டி வரி கட்டிவிட்டு, அட்டவணையை மட்டும் நிரப்பாமல் விட்டவர் நுழைய முடியாது. அவர்தான் அரசுக்குப் பாக்கி எதுவும் வைக்கவில்லையே! பாக்கி வைத்தவருக்கு வாசல், வைக்காதவருக்குச் சுவர். இதை எழுதியவர்கள் யோசித்து எழுதினார்களா என்றே சந்தேகம் வருகிறது. நுழைந்தவருக்கும் கறுப்புப் பணச் சட்டத்தின் அபராதத்திலிருந்து விலக்கு கிடையாது என்பது தனிக் கதை.

2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துகளுக்கு இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அதற்கு முன் 5 லட்சம் வரையிலான வங்கி இருப்புக்கு மட்டுமே விலக்கு இருந்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் பத்தாண்டு வேலை பார்த்தவரின் ஓய்வூதியக் கணக்கு ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். சட்டத்தில் அபராதம் விதிக்க‘லாம்’ என்றுதான் இருக்கிறது, அதிகாரி மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வுகளே சில வழக்குகளில் நேர்மையான தவறு என்று அபராதத்தை ரத்து செய்திருக்கின்றன, வேறு சிலவற்றில் உறுதி செய்திருக்கின்றன. எந்த அமர்வின் முன் வழக்கு போகும் என்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தீர்மானிக்கக் கூடாது.

மிரட்டலால் பணம் வெளியே வந்ததா என்றும் பார்த்துவிடலாம். 2015-இல் மூன்று மாதம் சன்னலைத் திறந்துவைத்து, 30 சதவீத வரி, அதே அளவு அபராதம், ஆக 60 சதவீதம் கட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்றார்கள். வந்தவர்கள் எழுநூறு பேர்கூட இல்லை. காட்டிய தொகை சுமார் 4,100 கோடி ரூபாய். 2024 நவம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வேறு மாதிரி செய்து பார்த்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த தகவல்களை வைத்து, “உங்கள் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்” என்று குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. 24,678 பேர் தங்கள் கணக்குகளை மறுபடி பார்த்து, 29,208 கோடி ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டினார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னது வரி கட்டாத பணம், பின்னதில் வரி கட்டிச் சேர்த்த சேமிப்பும் அடக்கம். நம் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் அந்த வித்தியாசமே. விட்டுப்போனவர்களில் பெருங்கூட்டம் நினைவூட்டினால் சொல்லத் தயாராக இருக்கிறது.

இதே கடுமையைக் காட்டிப் பார்த்த நாடு ஸ்பெயின். 50,000 யூரோவுக்கு மேற்பட்ட வெளிநாட்டுச் சொத்தை ‘மாதிரி 720’ என்ற படிவத்தில் காட்டச் சொல்லி, விட்டுப்போன ஒவ்வொரு தகவலுக்கும் 5,000 யூரோ, குறைந்தது 10,000 யூரோ என்று அபராதம் வைத்தது. தாமதமாகத் தானே வந்து தாக்கல் செய்தவருக்கும் குறைந்தது 1,500 யூரோ. அங்கே குடியேறிய ஐரோப்பிய ஓய்வூதியர்கள் பலர் இந்தப் படிவத்தைக் கண்டே நடுங்கினார்கள். 2022 ஜனவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தகவல் கேட்பது சரி, தண்டனை அளவு மீறியது என்று தீர்ப்பளித்தது. சில வாரங்களில் ஸ்பெயின் சட்டத்தைத் திருத்தியது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் படிவம் நடைமுறையில்தான் இருக்கிறது.

கண்டிப்புக்குப் பேர்போன அமெரிக்காவிலும் வழி இருக்கிறது. அந்நாட்டுக்கு வெளியே உள்ள கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அறிக்கை தர வேண்டும். தராமல் விட்டவர், வருமானத்துக்கு ஒழுங்காக வரி கட்டியிருந்து, துறை தன்னைத் தொடர்புகொள்ளும் முன் காரணம் எழுதித் தாமதமாகத் தாக்கல் செய்தால் அபராதம் இல்லை. அங்குள்ள தமிழர் பலர் ஊரில் அப்பாவின் வைப்பு நிதியில் தம் பெயரும் இருப்பதை இப்படித்தான் பிந்திச் சொல்லிச் சரிசெய்திருக்கிறார்கள்.

வாசலைத் திறந்தால் பதுக்கல்காரர்களும் ‘மறந்துவிட்டேன்’ என்று வந்து நிற்பார்கள் என்பது அதிகாரிகளின் அச்சம். வரட்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சம்பளச் சீட்டும் அந்நாட்டு வரிக் கணக்கும் உள்ளவர் எடுத்து வைப்பார், மற்றவர் திணறுவார். 2017 முதல் நாடுகள் பல தாமாகவே கணக்கு விவரங்களை இந்தியாவுக்கு அனுப்பி வருவதால், சொன்னது உண்மையா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் துறையிடம் தகவலும் இருக்கிறது. நோட்டீஸ் போன பிறகு வருபவருக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்றே நாமும் சொல்கிறோம்.

மாணவர்கள், இளம் ஊழியர்கள், தாயகம் திரும்பியவர்கள் போன்ற சிறு வரிதாரர்களுக்கு ஆறு மாத ஒருமுறைத் திட்டம் என்று 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது, பிரச்சினை இருப்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். வரவேற்கலாம். ஆனால் ஆண்டுதோறும் புதிதாக ஆயிரக்கணக்கானோர் அந்த இடைநிலையைக் கடந்து முழு வசிப்பாளர் ஆகிறார்கள். சன்னல் மூடிய மறுவாரம் தவறை உணர்பவர் என்ன செய்வார்? ஐ.டி.ஆர்.-யு படிவத்தை, கூடுதல் வரி இல்லாவிட்டாலும் சொத்து அட்டவணைக்காக மட்டும் தாக்கல் செய்யச் சட்டத்தைத் திருத்த வேண்டும். வரி கட்டிய பணத்துக்கு, தாமதத்தின் அளவுக்கேற்ற சிறு கட்டணத்துடன் கறுப்புப் பணச் சட்டத்தின் அபராதத்திலிருந்து நிரந்தர விலக்குத் தர வேண்டும். இன்னொன்றுக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. சென்ற ஆண்டு ‘வழக்கமாக வசிக்காதவர்’ என்று குறித்தவர் இந்த ஆண்டு ‘வசிப்பவர்’ என்று குறித்ததும், வெளிநாட்டில் கணக்கோ பங்கோ இருக்கிறதா என்று வருமான வரி இணையதளம் அந்தத் திரையிலேயே கேட்கலாம். அடுத்த தாக்கல் பருவத்துக்குள் செய்துவிடக்கூடிய வேலை இது.