ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு!

ராத்திரி ஒன்பதரை மணி. குரோம்பேட்டை தாண்டி, சானடோரியம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்துகொண்டிருக்கிறேன். எதிரே வருகிற ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் தாடி மீசை முளைத்திருக்கிறது. வானத்தில் நிலா ஒன்றேகால் நிலாவாகத் தெரிகிறது. திடீரென்று வண்டிக்கு முன்னால் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெரியவர்! பிரேக்கை அமுக்க, வண்டி அரைவட்டம் அடித்து நின்றது. அவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான்.

"யோவ், கண்ணு தெரியலை?"

ஊரில் தினம் ஆயிரம் பேர் கேட்கிற கேள்வி. யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஆனால் என்னிடம் உண்மையான பதில் இருந்தது... "ஆமாங்க, தெரியலை!"

இத்தனைக்கும் மூக்கில் இருந்தது மூன்றே வாரம் ஆன புதுக் கண்ணாடி. தப்பு கடைக்காரர் மேல் இல்லை. என் மேல்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடை. மெஷினில் முகவாயை வைத்தால் உள்ளே ஒரு நேர் ரோடு, கோடியில் ஒரு பலூன். அது கொஞ்சம் மங்கி, கொஞ்சம் தெளிந்து, ஒரு சீட்டைத் துப்பியது. அப்புறம் அந்தக் கனமான ஃபிரேமை மாட்டிவிட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார் அந்த இளைஞர்.

"சார், இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"முன்னது."

"இதுவா... இதுவா?"

"ம்... பின்னது."

உண்மையைச் சொன்னால், பாதி நேரம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கம். பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். காலேஜில் ஆப்ஜெக்டிவ் கேள்விக்கு இங்கி பிங்கி போட்ட பழக்கம் வேறு. அடித்துவிட்டேன்!

"இடது கண்ல சிலிண்டர் இருக்கு சார்."

"காலியா, ஃபுல்லா?"

அவர் சிரிக்கவில்லை. தினம் பத்துப் பேர் சொல்கிற ஜோக் போலிருக்கிறது.

சானடோரியம் சம்பவத்துக்கு அப்புறம் பயந்துபோய் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கே ஓடினேன். அங்கே இன்னொரு மெஷின். பெயர் அபெரோமீட்டர். இயக்கிய பெண்மணி பொறுமைசாலி.

"வீட்ல புள்ளிக் கோலம் போடுவாங்க இல்லையா சார், அதேதான்" என்றார்.

கண்ணுக்குள் ஒரு மெல்லிய ஒளிப்புள்ளியை அனுப்புகிறார்கள். அது விழித்திரையில் பட்டுத் திரும்பி வெளியே வருகிறது. வழியில் குட்டிக் குட்டி லென்ஸ்கள் பதித்த ஒரு தகடு. ஒவ்வொரு லென்ஸும் ஒரு புள்ளி வைக்கும். குறையே இல்லாத கண் என்றால், அம்மா வைத்த நேர்ப்புள்ளி மாதிரி வரிசை பிசகாது. கோணல் கண் என்றால் நான் வைத்த புள்ளி மாதிரி! எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால் கண்ணின் மொத்தக் கோணலும் மேப்பாக வந்துவிடும்.

இந்தத் தந்திரம் முதலில் கண்ணுக்காக வந்ததே இல்லை. 1900 வாக்கில் ஜெர்மனியின் ஹார்ட்மன், டெலஸ்கோப்பைச் சோதிக்கத் துளை போட்ட தகடு ஒன்றைப் பயன்படுத்தினார். 1971-ல் அமெரிக்காவின் ரோலண்ட் ஷாக், துளைக்குப் பதில் குட்டி லென்ஸ்களை வைத்தார். 1994-ல்தான் ஹைடெல்பர்க்கில் அதை மனிதக் கண் பக்கம் திருப்பினார்கள். 2002-ல் இந்த மேப்பைப் பார்த்து லேசிக் செய்ய அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

நான் பி.காம். ஆகவே என் பாஷையில் சொல்கிறேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை பவர் ஒரு ஐட்டம். சிலிண்டர் இன்னொரு ஐட்டம். பெரும்பாலோர் கண்ணில் பெரிய தொகை இந்த இரண்டும்தான். மூக்குக் கண்ணாடி இவற்றைத் தீர்த்துவிடும். மிச்சமிருக்கிற சில்லறைக் கோணல்கள் எல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! பகலில் கண்பாப்பா சுருங்கியிருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி அது விரிந்ததும் தலைகாட்டும். சாதாரணக் கண்ணாடியால் இதைத் தீர்க்க முடியாது.

என் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் அற்பத் தொகை. பெரிய ஐட்டமே தப்பு. சிலிண்டரின் கோணம் தவறாக எழுதப்பட்டிருந்தது. எழுத வைத்த மகானுபாவன் நான்.

மெஷின்தான் எல்லாம் அளந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று எழுந்தேன். "உக்காருங்க சார்" என்று அந்தப் பெண்மணி பழைய ஃபிரேமை மாட்டினார். மறுபடி "இதுவா, அதுவா?"

ஏன் என்பதற்கு மதுரையில் பதில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையிலும் அதன் கிராமத்து மையத்திலும் 708 பேரிடம் ஒரு சோதனை செய்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். இதே தத்துவத்தில் இயங்கும் ஒரு மலிவு விலை மெஷின். அதிகப் பயிற்சி இல்லாத ஒருவர் அதை இயக்கி ஒரு பவர் எழுதினார். அனுபவசாலி ஒருவர், கேள்வி கேட்டு இன்னொரு பவர் எழுதினார். இரண்டையும் போட்டுப் பார்த்த மக்களில் 42 சதவீதம் பேர் மனிதர் எழுதியதைக் கேட்டார்கள். 33 சதவீதம் மெஷினுக்கு ஓட்டு. பார்வைத் தெளிவில் சராசரி வித்தியாசம் சார்ட்டில் ஓர் எழுத்துதான். நாற்பது வயதுக்குள் இருந்தவர்களிடம் ஏறக்குறைய சரிபாதி! அனுபவசாலி எட்டிப் பார்க்காத கிராமத்துக்கு இது சின்ன விஷயமா?

மிச்சம் 25 சதவீதம் எங்கே என்கிறீர்களா? கிட்டத்தட்ட 177 பேர், இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். வெட்கப்படவில்லை. இங்கி பிங்கி போடவில்லை.

மெஷின் கோணலை அளக்கும். தெளிவாகத் தெரிகிறதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொன்னால், ஃபெயிலாவது நாம் மட்டுமில்லை, ரோடு தாண்டுகிற பெரியவரும்தான்.

"இதுவா, அதுவா சார்?"

தைரியமாகச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"வெரிகுட். அப்போ முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான்!

இப்போது சானடோரியத்தில் நிலா ஒன்றே ஒன்றுதான். ஹெட்லைட்டெல்லாம் ஷேவ் செய்துகொண்டுவிட்டன. நேற்று குறுக்கே புகுந்த ஓர் ஆட்டோக்காரர், "கண்ணு தெரியலை?" என்றார்.

"நல்லாத் தெரியுதுய்யா!" என்று திருப்பிக் கத்தினேன். ஆகா... என்ன சுகம்!