வேட்டி கட்டினால் போதுமா?

வெளிநாட்டிலிருந்து ஒருவர் கோயமுத்தூர்ப் பக்கம் ஊழியம் செய்ய வந்தால் என்னவெல்லாம் பழக வேண்டும்? தமிழ் பேச வேண்டும், கையால் சாப்பிட வேண்டும், சித்திரை வெயிலைத் தாங்க வேண்டும், "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாகப் பேசத் தெரிய வேண்டும். எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் இதெல்லாம் சுலபமான பாகம். கஷ்டமான பாகம் எது என்பதைக் கொங்கு நாட்டு வரலாறே சொல்கிறது.

முதலில் ராபர்ட் தெ நொபிலி. இத்தாலிக்காரர், இயேசு சபைத் துறவி. 1606ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மாமிசத்தை விட்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். 1623ல் சேந்தமங்கலம், சேலம் என்று இந்தப் பக்கமும் வந்தார். ஊரோடு ஒத்துப்போனதற்கு இன்றும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். சரி, அவர் ஒத்துப்போனது யாருடைய வாழ்க்கை முறையோடு? உயர்சாதியாருடையதோடு! பிறகு மற்ற சாதியாருக்கென்று 'பண்டாரச் சாமிகள்' என்று தனியாகக் குருக்களை வைக்க வேண்டி வந்தது. உடை, உணவோடு சாதியும் சபைக்குள் வந்துவிட்டது. 1744ல் போப் 14ஆம் பெனடிக்ட் கட்டுப்பாடுகள் விதித்து ஆணையிட்டும் அது வெளியே போகவில்லை.

ஆக, "ஊர்ப் பழக்கத்துக்கு மாறிக்கொள்" என்று சொல்வது எளிது. எந்தப் பழக்கத்துக்கு என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு தவித்தவர் ஒருவர் உண்டு. கோவைக்காரர்களுக்கே அவரை அதிகம் தெரியாது. பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக், பிரான்ஸ் நாட்டுக்காரர். 1842ல் புதுச்சேரிக்கு வந்தார். 1846ல், அவினாசி ரோட்டில் இன்று பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே, அந்தக் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது வயது 32தான்.

அவருக்கு ஒரே பிடிவாதம்: இந்த மண்ணின் பிள்ளைகளைக் குருக்களாக்கி, பொறுப்பை அவர்களிடம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் கட்டிடத்துக்குப் போட்ட சாரம் மாதிரி. சுவர் எழும்பியதும் பிரித்துவிட வேண்டும். ஆனால் உடனிருந்த ஐரோப்பியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம், சாதி வழக்கங்களை எதுவரை அனுமதிப்பது என்று மிஷனரிகளுக்குள்ளேயே சண்டை. ரோம் தெளிவாக ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. மனசாட்சி உறுத்தியதால் விலகிக்கொள்ள அனுமதி கேட்டார். 1855ல் ராஜினாமா ஏற்கப்பட்டது. 1856ல் லியோனில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மிஷன் சபையைத் தொடங்கினார். 1859ல் ஃப்ரீடவுனில் இறங்கிய சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார்.

தோற்றுப்போனவர் என்று சொல்லலாம். பொறுமையாக இங்கேயே இருந்திருக்கலாமே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோவை மறைமாவட்டத்துக்கு முதல் இந்திய ஆயர் கிடைத்தது 1940ல். அவர் விலகி 85 வருடம் கழித்து! பொறுமையாக இருந்தவர்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

மொழியும் கலையும் கற்பது வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. ஈரோட்டில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் பாப்லி நம் சங்கீதத்தைக் கற்று 1921ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1931ல் குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அது அன்பின் அடையாளம். ஆனால் ஒருவருடைய பாட்டைப் பாடுவது வேறு, அவரைச் சமமாக உட்காரவைத்துச் சாவியைக் கையில் கொடுப்பது வேறு.

இன்று காற்று திரும்பி அடிக்கிறது. தமிழ்நாட்டுக் குருக்கள் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பங்குகளை நடத்துகிறார்கள். இங்கே திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் நாலு இந்திப் பாட்டுக் கற்றுக்கொள்ளலாம், சப்பாத்தியும் போடலாம். நல்லதுதான். ஆனால் சபைக் கமிட்டியில் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி உண்டா? அந்த நாற்காலியைப் போடாதவரை, பழகிக்கொண்டோம் என்று சொல்ல நமக்கும் உரிமையில்லை.