ஆசிரியர்கள் எங்கே கற்கிறார்கள்?

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியரின் கைப்பேசியில் இரண்டு வகை வாட்ஸ்ஆப் குழுக்கள் இருக்கும். ஒன்று, அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கைகள் வந்து விழும் குழு; 'மிக அவசரம்', 'இன்று மாலைக்குள்' என்னும் சொற்கள் அதில் ஓய்வதில்லை. மற்றொன்று, ஆசிரியர்கள் தாமாகவே தொடங்கிக்கொண்டது. முதல் வகையைப் பற்றிய புலம்பல் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவதைத்தான் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது தேசிய கல்விக் கொள்கை 2020. அக்கொள்கையை ஏற்காத தமிழகத்திலும் பயிற்சி நாள்களுக்குக் குறைவில்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே பல கட்டப் பயிற்சிகளுடன்தான் நடந்தது. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்கிறார். அங்கு கேட்டவர் வட்டாரத்தில் சொல்கிறார். கடைசிப் படிக்கு வந்து சேரும்போது, செய்து காட்ட வேண்டியது திரையில் படித்துக் காட்டுவதாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிட முக்கியம், என்ன பேசுவது என்பதை மேலிருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். வகுப்பறையில் நேற்று எழுந்த கேள்விக்கு அங்கு இடமில்லை.

அந்தக் கேள்வி இந்தக் குழுக்களுக்கு வருகிறது. நான் பார்த்துவரும் குழு ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளைகள் பலர் 35 என்று எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தார். 'கடன் வாங்குவதை மறுபடி சொல்லிக்கொடுங்கள்' என்பதுதான் முதலில் வந்த பதில். அடுத்தவர் பிழையைப் படித்துக் காட்டினார்: ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதைத்தான் அவர்கள் பின்பற்றியிருக்கிறார்கள். மூன்றாமவர், ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, 27 குச்சிகளை எடுக்கச் சொல்லுமாறு எழுதினார். ஒரு கட்டைப் பிரிக்காமல் ஏழு உதிரிக் குச்சிகள் கிடைக்காது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும். அரை மணி நேரத்தில் நடந்த இந்த உரையாடலைவிடச் சிறந்த கணிதப் பயிற்சியை நான் எந்த அரங்கிலும் கண்டதில்லை.

எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. இக்குழுக்களில் மிகுதியாகப் பரவும் பொருள் ஆயத்தப் பாடக்குறிப்புகள். யாரோ எழுதியதை வகுப்பின் பெயரை மட்டும் மாற்றிப் படியெடுத்துக்கொள்கிறார்கள். இதற்காக ஆசிரியரை மட்டும் குறை சொல்ல இயலாது. ஆய்வுக்கு வருபவர் பார்ப்பதற்கென்றே எழுதப்படும் குறிப்பு அப்படித்தான் உருவாகும்.

கவலை தருவது வேறொன்று. யூடியூபிலும் முகநூலிலும் கற்பித்தல் காணொளிகள் பெருகப் பெருக, குழந்தைகளின் முகங்களும் பெருகுகின்றன. தடுமாறி வாசிக்கும் சிறுமியை நல்லெண்ணத்தோடுதான் படம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றம் அவள் வளர்ந்த பின்னும் இணையத்தில் இருக்கும். 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் நிலைப்பாடு. சட்டம் இருக்கட்டும், பிழையைப் பற்றிப் பேச நோட்டுப் பக்கத்தின் படமே போதுமே, முகம் எதற்கு?

இக்குழுக்களைத் துறையே ஏற்று நடத்தலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலதிகாரி ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்த மறுநாளே, ஐயம் கேட்ட குழு காலை வணக்கம் சொல்லும் குழுவாகிவிடும். 'எனக்கு இது தெரியவில்லை' என்று ஆசிரியர் எழுதத் துணிவதே, அது பணிப்பதிவேட்டுக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான்.

துறை செய்யக்கூடியது நேரம் ஒதுக்குவது. இந்த உரையாடல்கள் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டு வேலை முடிந்தபின், ஆசிரியரின் சொந்த இணையச் செலவில் நடக்கின்றன. குறுவள மையக் கூட்டங்களின் பாதி நேரத்தை ஆசிரியர்கள் கொண்டுவரும் கேள்விகளுக்கே விட்டுவிடலாம். ஒவ்வொருவரும் தம் வகுப்பின் ஐந்து கணித நோட்டுகளுடன் வந்தால் போதும். அன்று திரைக்காட்சி வேண்டியதில்லை.