தனித்து நிற்கும் மாணவருக்கு யார் துணை?

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். தொல்லை பொறுக்காமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்த அவர், அதைப் பள்ளியில் முறையிட்ட பின்னரே இது நடந்தது.

சாதிவெறியை ஒடுக்குவது பெரியவர்களின் கடமை. அச்சுமையைப் பிள்ளைகள்மேல் ஏற்றக் கூடாது. ஆனால், முறையிடுபவர் தனித்து நிற்கும்போதுதான் எளிதில் இலக்காகிறார். அந்தத் தனிமையைப் போக்கத் தோழர்களால் முடியும்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் 2006 முதல் உருவாக்கிய 'கிவா' திட்டம் இவ்வழியில் செயல்படுகிறது. துன்புறுத்துவோரிடம் ஆசிரியர்கள் பேசுகின்றனர். வகுப்பில் மதிப்புப் பெற்ற இரண்டு முதல் நான்கு மாணவர்களை அழைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாயிருக்கக் கேட்கின்றனர். இதற்குப் பெரிய வீரம் வேண்டாம். சேர்ந்து உண்பது, உடன் நடந்து வீடு திரும்புவது, ஆசிரியரிடம் கூடச் சென்று சொல்வது போதும்.

"மதிப்பெண் எவ்வளவு?" என்று கேட்கும் நாம், "இன்று உன் வகுப்பில் தனியாக இருந்தது யார்?" என்றும் நம் பிள்ளைகளிடம் கேட்போமா?