செலவு என்னும் சாக்கு

சென்ற மாதம் பொத்துவிலில் உள்ள எனது அலுவலகத்துக்கு விழிப்புலனற்ற பட்டதாரி இளைஞர் ஒருவர் வந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்று உத்தியோகத்துக்கு விண்ணப்பம் கோரியிருந்தது. இணையத்தளத்தின் வாயிலாக மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. கணினித் திரையின் எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பானைச் சரளமாகக் கையாள்பவர் அவர். ஆனால், அப்பக்கத்தில் அவர் செவியில் விழுந்தது யாது? "கட்டம், கட்டம், பொத்தான், கட்டம்." எக்கட்டத்தில் பெயர், எக்கட்டத்தில் அடையாள அட்டை இலக்கம் என்று சொல்ல அங்கே ஒரு சொல்லும் இல்லை. "காக்கா, பட்டம் எடுத்தது நான். போம் நிரப்ப மட்டும் பத்தாம் வகுப்புப் படிக்கிற தம்பியக் கூப்பிடணுமா?" என்றார்.

தொலைபேசியில் விசாரித்தேன். திரைவாசிப்பான் கொண்டு சோதித்துப் பார்க்கப் பணம் ஒதுக்கப்படவில்லை என்று உத்தியோகத்தர் மரியாதையாகவே பதிலளித்தார்.

சட்டம் படித்தோருக்கு இது பழைய பல்லவி. சிட்னி ஒலிம்பிக் விழாவின் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று புரூஸ் மக்குவாயர் என்னும் விழிப்புலனற்றவர் 1999ஆம் ஆண்டில் முறையிட்டார். அமைப்புக் குழு என்ன வாதாடியது? திருத்துவதற்கு ஒருவர் 368 நாட்கள் உழைக்க வேண்டுமாம். ஏறத்தாழ 22 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வேண்டுமாம்! நிபுணர்களோ, அனுபவமுள்ள ஒருவரும் சில உதவியாளரும் நான்கு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை அது என்று சாட்சியமளித்தனர். 2000 ஓகஸ்டில் மனித உரிமை ஆணைக்குழு மக்குவாயர் பக்கமே தீர்ப்பளித்தது. அதனை முழுமையாக நிறைவேற்றாத குழு 20,000 டொலர் நட்டஈடு செலுத்த நேர்ந்தது. செலவுக் கணக்கைக் குறுக்கு விசாரணை செய்தால் அது எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இவ்வழக்கு நல்ல சான்று.

சோதனைக்குச் செலவே இல்லை என்று நான் வாதாடவில்லை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசம், விழிப்புலனற்றவரான மைக்கல் கரன் 2006இல் தொடங்கிய முயற்சி அது, தமிழையும் வாசிக்கும். ஆனால், கருவி இலவசமாயினும் மனிதரின் நேரம் இலவசமன்று. படத்துக்கு விளக்கம் இல்லை என்பதைத் தானியங்கிக் கருவி கண்டுபிடிக்கும். இருக்கும் விளக்கம் பொருத்தமானதா என்பதை மனிதரே சொல்ல வேண்டும். மும்மொழிப் பக்கங்களையும், படிவம் மாறும்போதெல்லாம் மீண்டும், சோதிக்க வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். 'சமூக சேவை' என்று சொல்லி விழிப்புலனற்றோரிடம் இனாமாக வேலை வாங்குவோரும் உளர். அதனையும் நான் எதிர்க்கிறேன்.

தமிழ்ப் பக்கத்தின் நிலை இன்னும் கேடானது. தமிழையும் ஆட்சிமொழியாக்கிய 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது. இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சிட்ட ஆவணத்தைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே ஒலிக்கிறது. ஏனெனில் அவ்வெழுத்துருவின் அடியில் இருப்பது ஆங்கிலக் குறியீடே. படமாகப் பிடித்து ஏற்றிய சுற்றறிக்கையோ முழு ஊமை. தமிழ் பேசும் ஒருவரை ஒரே ஒருமுறை உட்கார்த்திச் சோதித்திருந்தால் இவை தெரிந்திராதா?

சோதிக்காமல் மிச்சம் பிடித்ததாகச் சொல்லப்படும் பணம் எங்கே போகிறது? விழிப்புலனற்றவர் அம்பாறைக்கும் கல்முனைக்கும் கொடுக்கும் பஸ் கட்டணத்தில் போகிறது. தமது வங்கிக் கணக்கு இலக்கத்தை அடுத்தவரிடம் சொல்ல வேண்டியிருப்பதால் இழக்கும் அந்தரங்கத்தை எந்தப் பேரேட்டில் பதிவது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஏனையோர் செல்லும் 'கட்டடத்துக்கோ இடத்துக்கோ' வலுவிழந்தோர் செல்வதைத் தடுக்கலாகாது என்கிறது. இணையத்தளம் 'இடம்' ஆகுமா என்று வழக்காடலாம்; நான் ஆகும் என்பேன். ஆயினும், 2016இல் நம் நாடு ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9ஆவது உறுப்புரை இணையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அங்கே வியாக்கியானத்துக்கு இடமில்லை.

நாம் கேட்பது கேள்விப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை: விழிப்புலனற்ற சோதனையாளர், கூலி பெற்று, மும்மொழியிலும் சோதித்துக் கையொப்பமிடும் வரை ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தவணைப் பணம் கொடுக்கலாகாது. கட்டிய பின் இடித்துக் கட்டுவதே பெருஞ்செலவு.

அவ்விளைஞரின் விண்ணப்பத்தை ஈற்றில் தம்பியே நிரப்பினார். அத்தளத்துக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது, ஒப்பந்தத்தில் சோதனை பற்றி ஒரு வரியேனும் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டிருக்கிறோம். முடிவு சொல்ல அவர்களுக்குச் சட்டம் தரும் அவகாசம் 14 வேலை நாட்கள். விடை கிடைத்ததும் இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.