வதந்திக்குப் பலியாகாதே தமிழா!

மலேசியத் தமிழ் உறவுகளே,

போன மாதம் தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்சாலை வேலை முடிந்து வந்த ஒருவர் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "லாயர் சார், கோயிலை உடைக்கிறானுங்க, பாருங்க!" என்றார். பார்த்தேன். எந்தக் கோயில், எந்த ஊர், எந்த ஆண்டு? ஒன்றுமே அதில் இல்லை. ஆனால் அதற்குள் ஐந்து வாட்சாப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்.

நாம் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் வதந்தி பரவியது. 6 உயிர்கள் போயின. அப்போது முகநூல்கூட இல்லை.

2018 நவம்பர் 26 விடியற்காலையில் சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோயிலுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அடிப்படையில் அது நிலத் தகராறு. இனக்கலவரம் அல்ல என்று அன்றைய உள்துறை அமைச்சர் முகிதின் யாசினே சொன்னார். ஆனால் சமூக ஊடகத்தில் அது இனச் சண்டையாகவே ஓடியது. மறுநாள் அங்கே படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமது அடிப் டிசம்பர் 17இல் இறந்தார். அடையாளம் தெரியாதவர்களின் குற்றச்செயலே காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் 2019இல்தான் முடிவு சொன்னது. அதற்கு வெகு முன்பே கைத்தொலைபேசிகள் தீர்ப்பு எழுதிவிட்டன. நமக்கு ஒரு கதை, மலாய்க்காரருக்கு வேறொரு கதை. கோயில் பக்கத்து நியாயம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது!

2022 பொதுத் தேர்தலுக்குப் பின் மே 13ஐக் காட்டி மிரட்டும் டிக்டாக் வீடியோக்கள் வந்தன. நாம் கோபத்தோடு பார்க்கப் பார்க்க நிறுவனத்துக்கு விளம்பரப் பணம், அரசியல்வாதிக்கு ஓட்டு. நமக்கு?

கைத்தொலைபேசி நம் எதிரி அல்ல. 2007 நவம்பர் 25 பேரணிக்கு நம் மக்களைத் திரட்டியதில் குறுஞ்செய்திக்கும் இணையத்துக்கும் பெரும் பங்குண்டு. அன்று பரப்பியது உண்மையான குறை.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பிறரை மிரட்டவோ துன்புறுத்தவோ பொய்ச் செய்தி அனுப்பினால், தொடர்பு பல்லூடகச் சட்டம் 233ஆம் பிரிவின்படி 500,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. 2025இல் தண்டனை கூடியிருக்கிறது. "நான் எழுதவில்லை, அனுப்பினேன்" என்ற சொல் மட்டும் காப்பாற்றாது. மாட்டிக்கொண்டால் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைக்குத்தான் அடி பலம்.

எங்கே? எப்போது? யார் சொன்னது? கேட்டுவிட்டு அனுப்புங்கள். கோயிலுக்கோ வீட்டுக்கோ உண்மையிலேயே ஆபத்தா? நோட்டீஸ் நகலை எடுங்கள், போலீஸ் புகார் செய்யுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்றத்தில் பேசுவது ஆவணம்!

சிந்திப்பீர்!